கரையும் ஆங்கரா, டைட்டானியமா? ஜவ்வு ஆபரேஷனுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோள்பட்டை ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் என்று முடிவானதும் நம் குமரி மாவட்டத்தில் அடுத்து வரும் கேள்வி அனேகமாக இதுதான்: "உள்ள வைக்கது இரும்பா, கரையறதா?" ஜவ்வை எலும்போடு பிடித்துவைக்கும் ஆங்கர் என்ற சிறு முளையைப் பற்றித்தான் கேள்வி. கேட்கும்போதே பதிலும் முடிவாகியிருக்கும். இரும்பு என்றால் பயம், கரையும் என்றால் நிம்மதி. "கரைஞ்சு போவுமாமே, பின்ன எதுக்கு மக்களே இரும்பு?" என்று என்னிடம் கேட்ட குலசேகரம் பக்கத்து அம்மா ஒருவர், ஸ்கேன் கவரைக்கூட அதுவரை பிரித்திருக்கவில்லை.

நான் ஆபரேஷன் செய்பவன் இல்லை. தக்கலைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். தியேட்டரில் ஓரிரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்; அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் கையையோ காலையோ மடக்கி, நீட்டி, உயர்த்த வைப்பது எங்கள் பாடு. அதனால் உள்ளே வைத்த பொருள் ஒழுங்காக இருந்த கதையும் மக்கர் செய்த கதையும் எங்கள் மேசைக்குத் தானாக வந்து சேரும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரைகிறது என்பதற்காக மட்டும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எவ்வளவு காலத்தில் கரைகிறது, கரைந்த இடத்தில் எலும்பு வளர்கிறதா குழி நிற்கிறதா, அது மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா எலும்புக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்று மூன்று விஷயம் தெரியாமல் இதில் முடிவெடுக்க வழியில்லை.

மூன்று மாத வேலை

தோளைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் ஒரு பட்டையாகச் சேர்ந்து, மேற்கை எலும்பின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் ஜவ்வு என்பதும், ரொட்டேட்டர் கஃப் என்று டாக்டர் எழுதித் தருவதும் இதைத்தான். அது எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டால் திரும்பவும் எலும்போடு ஒட்ட வைக்க வேண்டும். சுவரில் துளை போட்டு, பிளக் இறக்கி, அதில் கொக்கி மாட்டுவது போன்ற வேலை: எலும்பில் சிறு துளை, துளைக்குள் ஆங்கர், ஆங்கரின் காதில் கோத்த நூல், அந்த நூலால் நாணை இழுத்துக் கட்டுவது.

முழங்காலுக்குள் இரண்டு எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு அறுந்தால் முறை கொஞ்சம் வேறு. தொடையின் பின்பக்கத்து நாணை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சுரங்கம் போலத் துளைத்து அதில் கோப்பார்கள். மேல் முனையைப் பெரும்பாலும் ஒரு சிறு டைட்டானியம் பட்டன் தாங்கும். கீழ் முனையில் துளைக்குள் நாணோடு சேர்த்து ஒரு ஸ்க்ரூவை நெருக்கி முறுக்குவார்கள். 7 முதல் 9 மில்லிமீட்டர் தடிமனும் 20 முதல் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூ. ஆங்கரோடு ஒப்பிட்டால் இது நல்ல தடியன். இந்த அளவு வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

இரண்டு இடத்திலும் உள்ளே வைத்த பொருளுக்கு நிஜமான வேலை சுமார் மூன்று மாதம்தான். நாண் எலும்போடு ஒட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். முழு பலம் வர இன்னும் பல மாதம் ஆகும் என்றாலும், பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அதற்குள் ஆங்கரிடமிருந்து நாணுக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆங்கர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வேலை முடிந்தது போய்விடட்டுமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் கரையும் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை வந்தவற்றில் எதுவும் அந்த மூன்று மாதக் கணக்குக்கு ஒழுங்காக நடக்கவில்லை. ஒன்று அவசரப்பட்டுப் போனது, இன்னொன்று போகவே மாட்டேன் என்றது.

அவசரப்பட்டது பாலிகிளைகாலிக் அமிலம். 1970-களில் கரையும் தையல் நூலாக வந்து நல்ல பெயர் வாங்கிய பொருள். 1980-களில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இதை எலும்பு முறிவுக்கான ஆணியாகச் செய்து போடத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே இதன் பலம் இறங்கிவிடும். அதைவிடத் தொல்லை, மொத்தமாகக் கரையும்போது சேரும் கழிவை உடம்பால் அதே வேகத்தில் அப்புறப்படுத்த முடியாமல் போவது. அந்த இடம் வீங்கிச் சிவந்து, சிலருக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு நீர் வடிந்தது. கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் செய்து பார்த்தால் கிருமியே இல்லை. ஹெல்சிங்கி டாக்டர்கள் 2,528 நோயாளிகளின் விவரத்தை 2000-ல் வெளியிட்டார்கள். பாலிகிளைகாலிக் அமிலம் வைத்தவர்களில் 5.3 சதவீதம் பேருக்கு இந்த எதிர்வினை வந்திருந்தது, சராசரியாக 11-வது வாரத்தில். இன்னொரு கரையும் பொருளான பாலிலாக்டிக் அமிலம் வைத்த 491 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது. அதுவும் நாலு வருஷம் தாண்டி.

ஐந்நூறில் ஒன்று என்பது பிரமாதமான கணக்காகத் தெரியும். எனக்கு அதில் அந்த நாலு வருஷம்தான் கண்ணை உறுத்துகிறது. தையல் பிரித்து, ஆறு வாரம், மூன்று மாதம் ரிவியூ போய், கை தூக்க வந்துவிட்டால் நம்மில் யார் அப்புறம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்? நாலாம் வருஷம் வரும் வீக்கத்தையும் அன்று வைத்த ஸ்க்ரூவையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. கணக்கில் வராமல் போகும் தொல்லைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

போகவே மாட்டேன் என்றது அந்தப் பாலிலாக்டிக் அமிலத்தின் கெட்டி வகை, பிஎல்எல்ஏ. உடம்பு நீரில் மெதுவாக உடைந்து லாக்டிக் அமிலமாகி, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறும். விளம்பரத் தாளில் உள்ள இந்த வரி உண்மைதான். அதற்கு ஐந்து வருஷம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும் என்பது அந்த வரியில் இருக்காது. ஏசிஎல் ஆபரேஷனுக்கு ஏழெட்டு வருஷம் கழித்து ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் ஸ்க்ரூ போய்விட்டிருந்தது, ஆனால் அது இருந்த இடத்தில் எலும்பு வளரவில்லை. ஸ்க்ரூவின் வடிவத்திலேயே குழி நின்றது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இப்போது பெரும்பாலும் 'பயோ ஸ்க்ரூ' என்ற பெயரில் கிடைக்கும் பயோகாம்போசிட். பாலிலாக்டிக் அமில வகைகளோடு ட்ரைகால்சியம் பாஸ்பேட் அல்லது ஹைட்ராக்சிஅபடைட் என்ற எலும்புச் சத்துப் பொருளைக் கலந்து செய்வது. அந்தச் சத்து அமிலத்தைக் கொஞ்சம் சமன் செய்கிறது, எலும்பு செல்கள் ஏறி வளரவும் இடம் கொடுக்கிறது. தனி பிஎல்எல்ஏவை விட நிச்சயமாக மேல். எல்லோருக்கும் குழி முழுசாக நிரம்புகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. பலருக்குப் பாதி நிரம்பி நிற்கிறது, சிலருக்கு ஆங்கரைச் சுற்றி நீர்க்கட்டி தெரிகிறது. 'பயோ' என்ற ஒரே பெயருக்குள் பிஎல்எல்ஏவும் பயோகாம்போசிட்டும் சேர்ந்தே ஒளிந்திருப்பதால், எந்த பயோ என்று கேட்காமல் சரி சொல்லக் கூடாது.

என்னென்ன தொல்லை, எப்போது

முதல் தொல்லை ஆபரேஷன் மேசையிலேயே வரலாம். கரையும் ஸ்க்ரூ டைட்டானியம் அளவுக்கு முறுக்கு தாங்காது. இளம் வயதுக்காரரின் கெட்டி எலும்பில் மரை போடாமல் முறுக்கினால் தலை உடையும், பாதியில் நிற்கும். முதல் தலைமுறை ஆங்கர்களில் நூல் கோக்கும் காதே பிய்ந்துபோவது உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல், ஏசிஎல் ஆபரேஷனில் கரையும் ஸ்க்ரூவையும் உலோக ஸ்க்ரூவையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கால் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உடைவது உட்பட்ட தோல்விகள் கரையும் பக்கம்தான் அதிகம் இருந்தன. அந்த ஆய்வுகளின் தரம் சுமார் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காசு கூடக் கொடுத்துக் கரையும் ஸ்க்ரூ வாங்கும் ஒருவருக்கு இந்த முடிவு அவ்வளவு உற்சாகம் தராது.

அடுத்தது தோளில். ஆங்கர் மூட்டை ஒட்டி உட்காருவதால், கரைந்து இளகும்போது துண்டு பிரிந்து மூட்டுக்குள் விழ வாய்ப்பு உண்டு. 2013-ல் அமெரிக்க எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில் வந்த 44 பேரின் விவரம் இந்தத் துறையில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. எல்லோரும் பிஎல்எல்ஏ ஆங்கர் வைத்து, பிறகு வலியும் இறுக்கமுமாகத் திரும்பி வந்து மறு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் மூட்டுக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆங்கர் துகள் கிடந்தது. மூட்டின் உள்ளுறை வீங்கித் தடித்திருந்தது. பெரும்பாலானவர்களுக்குக் குருத்தெலும்பு ஆழமாகத் தேய்ந்திருந்தது.

இதைப் படித்ததும் பிஎல்எல்ஏ வைத்த எல்லோருடைய தோளும் கெட்டுப்போகும் என்று பயந்துவிடக் கூடாது. தொல்லை வந்து திரும்பி வந்தவர்களை மட்டும் எடுத்து எண்ணிய கணக்கு இது. தொல்லையே இல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். ஆனால் தொல்லை வந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை இது காட்டுகிறது. குருத்தெலும்பு போனால் திரும்ப வராது.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு அடையாளம் உண்டு. ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு கை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதுதான் வழக்கம். காதுக்கு மேலே தூக்கத் தொடங்கிய கை, ஆறு எட்டு மாதம் கழித்துக் காரணமே இல்லாமல் மறுபடி இறுகத் தொடங்கினால், ராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்றால், உடற்பயிற்சி போதவில்லை என்று ஆளைத் திட்டிக்கொண்டிருக்கக் கூடாது. திரும்பப் படம் எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம் என்பதால் இதையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவது எங்கள் துறையிலேயே நடக்கிறது.

முழங்காலில் வருவது இன்னும் தாமதம். கடலோர ஊர்களில் பந்து விளையாடாத பையன் அபூர்வம். தூத்தூர் தொடங்கிக் கிழக்கே வரும் எந்த ஊருக்குப் போனாலும் ஏசிஎல் தழும்போடு நாலு பேரையாவது பார்க்கலாம். அப்படி ஒரு பையன், ஆபரேஷன் முடிந்து மைதானத்துக்கும் திரும்பிப் பல சீசன் ஆடிய பிறகு வந்தான். முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம், பழைய தழும்புக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப எழும்பியது. முட்டி போட்டுக் கும்பிடும்போது மட்டும் உறுத்துகிறது என்றான். கரையும் ஸ்க்ரூவின் சுரங்க வாயில் உண்டாகும் நீர்க்கட்டி அது. ஸ்கேனில் சுரங்கம் அகன்று தெரிந்தது. நாண் நன்றாகவே ஒட்டியிருந்ததால் மிச்சத் துண்டையும் கட்டியையும் எடுத்துச் சுத்தம் செய்ததோடு முடிந்தது. இதே அகன்ற சுரங்கம், ஏசிஎல் மறுபடி அறுந்தவருக்கு இருந்திருந்தால் முதலில் எலும்புத் தூள் வைத்து நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, அப்புறம் இன்னொரு ஆபரேஷன் என்று இழுத்திருக்கும்.

எம்ஆர்ஐயில் ஆங்கரைச் சுற்றி வெள்ளையாக நீர் தெரிந்தாலே பதறவும் வேண்டாம். கரையும் ஆங்கர் வைத்த பலருக்கு அது தெரியும், கை நன்றாகவும் இருக்கும். படத்தை வைத்து மட்டும் யாரும் மறுபடி கீற வேண்டியதில்லை.

கரையாதவற்றின் நல்லதும் பொல்லாததும்

டைட்டானியத்தின் மேல் உள்ள பயங்களில் பாதி வீண். துருப்பிடிக்காது. கடல் நீரிலேயே அரிக்காத உலோகம் அது, உப்புக்காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். காந்தம் இழுக்காது, அதனால் எம்ஆர்ஐ எடுக்கலாம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கத்தி மானத்தை வாங்கிவிடுமோ என்று வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்கள் கேட்பார்கள். இத்தனை சின்ன ஆங்கருக்குப் பொதுவாக எந்த மெஷினும் கத்தாது. டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

நிஜமான குறைகள் வேறு. எம்ஆர்ஐயில் அந்த இடத்தைச் சுற்றிப் படம் சிதறும். பின்னால் நாண் மறுபடி கிழிந்ததா என்று பார்ப்பது கஷ்டம். ஏசிஎல்லில் உலோக மரை முறுக்கும்போது நாணை அறுக்கலாம். மறு ஆபரேஷன் வந்தால் பழையதைக் கழற்றினால்தான் புதுத் துளைக்கு இடம் கிடைக்கும். தோளில் ஆங்கர் தளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தால் குருத்தெலும்பைக் கீறிவிடும். இதில் பிளாஸ்டிக்கை விட உலோகம் மோசம். ஆனால் சாதாரண எக்ஸ்ரேயிலேயே அது நகர்ந்தது தெரிந்துவிடும். பெரிய ஸ்கேனுக்கு நாகர்கோவில் வரை அலைய வேண்டாம் என்பது மலையோர ஊர்க்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை.

பீக் என்பது கரையாத கெட்டிப் பிளாஸ்டிக். எம்ஆர்ஐயில் படம் சுத்தமாக வரும், அமிலம் இல்லை, துகளாக உதிராது, தேவைப்பட்டால் அதன் மேலேயே துளை போட்டுவிடலாம். எலும்பு இதோடு ஒட்டி வளராது, எக்ஸ்ரேயில் தெரியாது. விலை கூடும். தோள் ஆங்கரைப் பொறுத்தவரை, கரையும் வகைக்கு இருந்த இடத்தை இது மெல்லப் பிடித்துக்கொண்டு வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முழுக்க நூலாலேயே ஆன ஆங்கரும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. மிகச் சிறிய துளை போதும், எலும்பு அதிகம் வீணாகாது. எலும்பின் மேல் ஓடு கெட்டியாக இருந்தால்தான் இது நிற்கும். மெக்னீசியத்தில் செய்து உடம்பிலேயே கரையும் ஸ்க்ரூவும் வந்திருக்கிறது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் முதல் மாதங்களில் எக்ஸ்ரேயில் அதைச் சுற்றிக் கறுப்பாகத் தெரியும். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இதைத் தேடி அலைவதில் அர்த்தம் இல்லை.

எதையுமே வைக்காத பழைய முறை ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலும்பிலேயே குறுக்காகத் துளை போட்டு நூலைக் கோத்துக் கட்டுவது. ஆங்கர் செலவு இல்லை, கரைவது பற்றிய பேச்சே இல்லை. கொஞ்சம் பெரிதாகத் திறக்க வேண்டியிருக்கலாம், டாக்டருக்கு அதில் கைப்பழக்கம் வேண்டும்.

யாருக்கு எது

பொருளை விட டாக்டரின் கைப்பழக்கமும், நாணின் நிலையும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் ஆபரேஷன் தோற்றால் பெரும்பாலும் நாண் நூலிலிருந்து அறுத்துக்கொண்டு போயிருக்கும், அல்லது ஒட்டாமலே நின்றிருக்கும். ஆங்கர் தனியாகக் குற்றவாளி ஆவது குறைவு. பீடி, கட்டுக்குள் வராத சர்க்கரை, வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட பெரிய கிழிசல் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு உலகத்திலேயே விலை கூடிய ஆங்கரை வாங்கி வைத்தாலும் பெரிய பலன் இல்லை. அதே நேரம், வயதாகித் தேய்ந்து மெல்லக் கிழிந்த சிறு கிழிசல்களில் பல, மூன்று நான்கு மாதப் பயிற்சியிலேயே வலி அடங்கி வேலைக்கு விடும். அவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. விழுந்தோ இழுபட்டோ ஒரே நாளில் கை தூக்க முடியாமல் போன ஆள் மட்டும் காத்திருக்கக் கூடாது.

முந்திரி ஆலையில் காலம் முழுக்க உட்கார்ந்து உழைத்த அறுபது வயது அம்மாவுக்குத் தோள் எலும்பு மெத்தென்று இருக்கும். அங்கே ஆங்கர் பிடித்து நிற்பதுதான் முதல் கவலை. இவருக்கு நான் கரையும் வகையைச் சொல்ல மாட்டேன். டைட்டானியம் அல்லது பீக், அதுவும் எலும்பு நல்லபடி இருக்கும் இடம் பார்த்து. ஏற்கெனவே பலவீனமான எலும்பில் குழி விழும் சாத்தியத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பந்து விளையாடும் இருபது வயதுப் பையனின் ஏசிஎல்லுக்கு நியாயம் மாறும். அவன் மறுபடி விளையாடுவான், மறுபடி விழவும் கூடும், மறுபடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வரும். கெட்டி எலும்பு, நன்றாக ஆறும் உடம்பு. பயோகாம்போசிட் ஸ்க்ரூ இவனுக்குப் பொருத்தம், மரை போட்டுப் பதமாக முறுக்கினால். தனி பிஎல்எல்ஏ என்றால் நான் இவனுக்கும் வேண்டாம் என்பேன். காசு இடித்தால் டைட்டானியம் ஸ்க்ரூ வைத்ததற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், கால் ஓடுவதில் வித்தியாசம் இல்லை.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள், பனை தென்னை ஏறுகிறவர்கள் விஷயத்தில் பொருளை விடக் காலம் பெரிய பிரச்சினை. பிப்ரவரி மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். விசைப்படகுக்காரர்கள் மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்வார்கள்: சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை. யோசனை நல்லதுதான், ஆனால் இரண்டுமே இரண்டு மாதம். ரொட்டேட்டர் கஃப் தைத்த கையால் பாரம் இழுக்க நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஆங்கர் கரைந்தாலும் கரையாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. சீக்கிரம் கரைந்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியை வழிக்குக் கொண்டுவர எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று, ஆசான். தோள் வலி என்றால் டாக்டருக்கு முன்னால் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டுவது இங்கே வழக்கம், அதில் சுகம் கண்டவர்களும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் மட்டும் அந்தத் தோளை யாரிடமும் பிடித்து இழுக்கக் கொடுக்காதீர்கள். எந்த ஆங்கராக இருந்தாலும், ஒட்டாத நாணின் மேல் ஒரே ஒரு திருகு போதும்.

காசும் ஸ்டிக்கரும்

உள்நாட்டு டைட்டானியம் ஆங்கருக்கும் வெளிநாட்டு பயோகாம்போசிட்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. பெரிய கிழிசலுக்கு ஒன்று போதாது, மூன்று நாலு ஆங்கர் வேண்டியிருக்கும் என்பதால் அந்த இடைவெளி அத்தனை மடங்கு பெருகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனித் தொகை வரையறுத்திருப்பார்கள். எந்த வகை ஆங்கர், எத்தனை எண்ணம் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் கேட்பதற்கு யாரும் கோபிக்கப் போவதில்லை. "பயோ வச்சா நல்லது, கொஞ்சம் கூட ஆவும்" என்று தியேட்டர் வாசலில் வைத்துச் சொன்னால், எந்த பயோ, எனக்கு ஏன் நல்லது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒவ்வொரு ஆங்கர் பாக்கெட்டிலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி, பொருள், அளவு, லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தியேட்டரில் அதை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும், டிஸ்சார்ஜ் தாளில் 'ஆங்கர் 2' என்று மட்டும் இருக்கும். ஒரு ஸ்டிக்கரை உங்கள் தாளிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து வீக்கம் வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. கரையும் வகைக்குக் காலாவதித் தேதி கூடுதல் முக்கியம். ஈரமும் சூடும் பட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே சிதையத் தொடங்கும் பொருள் அது, அதனால்தான் ஈரம் புகாத ஃபாயில் உறையில் வருகிறது. நம் கடற்கரைக் காற்றில் உறை பிரிந்த ஒன்றை வைத்திருந்து பயன்படுத்தக் கூடாது.

கடைசியாக, வீக்கம் வந்துவிட்டால். கரையும் பொருளின் எதிர்வினையும் கிருமித் தொற்றும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும்: வீக்கம், லேசான சூடு, சில நேரம் நீர் வடிதல். காய்ச்சல் இருந்தால் தொற்று என்று சந்தேகிக்கலாம், ஆனால் சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். கீ-ஹோல் ஆபரேஷன்களுக்குப் பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் காசநோய் இனத்துக் கிருமிகளும் இந்தியாவில் உண்டு. அவை சாதாரணக் கல்ச்சரில் சிக்காது. எனவே மெடிக்கல் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டுப் பார்ப்பது, அப்புறம் வேறொன்றை மாற்றிப் பார்ப்பது என்று காலத்தை ஓட்டாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனையோடு, மருந்து தொடங்கும் முன்பே ஊசியில் நீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசநோய் இனத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள், அந்த முடிவு வர ஆறு, எட்டு வாரம்கூட ஆகும்.